கோயிலா, கண்ணாடித் தேவாலயமா, ஹவாயா: ஜப்பானிய ஜோடியின் கல்யாணக் கணக்கு

ஜப்பானில் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ள ஒரு படிவம் போதும். அதை நிரப்பி, வயது வந்த இருவரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லி, நகராட்சி அலுவலகத்தில் கொடுத்தால் முடிந்தது. கட்டணம் கிடையாது. நள்ளிரவில் போனாலும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கோயிலில் பூசாரி ஓதியதையும், தேவாலயத்தில் மோதிரம் மாற்றியதையும் சட்டம் கணக்கில் எடுப்பதே இல்லை.

சட்டத்துக்கும் விழாவுக்கும் தொடர்பு அறுந்துபோன இடத்தில், விழாவை எங்கே, எப்படி வேண்டுமானாலும் நடத்தலாம். கிறிஸ்தவர்கள் மக்கள்தொகையில் 1 சதவீதம் அளவுக்கே இருக்கும் அந்த நாட்டில், விழா நடத்தும் ஜோடிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் வெள்ளை கவுன் போட்டு, சிலுவைக்கு முன்னால் நின்று உறுதிமொழி சொல்கிறார்கள். இன்னும் சிலர் விமானம் ஏறி ஹவாய்க்கே போய்விடுகிறார்கள். 'மேற்கத்திய மோகம்' என்று ஒரே வார்த்தையில் இதை முடித்துவிடுபவர்கள் உண்டு. எனக்கு அது போதுமான விளக்கமாகப் படவில்லை. மோகம் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் ஜோடிக்கு நிஜமாகக் கிடைப்பது, யாரை அழைப்பது, யாரை விடுவது என்று தாங்களே முடிவுசெய்யும் சுதந்திரம். ஆளைக் குறைக்கும்போது காசும் குறைகிறதா என்பது தனிக் கேள்வி. அதற்குப் பதில் பல நேரங்களில் பலரும் நினைப்பதற்கு நேர்மாறானது.

ஒரு ஜோடியைக் கற்பனை செய்துகொள்வோம். இருவருக்கும் முப்பது வயதை ஒட்டி. டோக்கியோவில் வேலை. பெண்ணின் பெற்றோர் வடக்கே செண்டாயில், பையனின் பெற்றோர் தென்மேற்கே ஃபுகுஒக்காவில். இருவரும் மதத்தைப் பெரிதாக நினைப்பவர்கள் இல்லை. அவர்களுக்கு முன்னால் நான்கு வழிகள்: ஜப்பானின் பூர்விக மதமான ஷின்டோவின் கோயில், நகரத்து ஹோட்டலில் உள்ள தேவாலயம், கருயிசாவா அல்லது ஒகினாவா போன்ற உள்நாட்டு உல்லாச ஊர், அப்புறம் ஹவாய்.

கோயில் வழி

பாட்டி இதைத்தான் 'நம் வழக்கம்' என்பார். ஆனால் அந்த வழக்கத்துக்கு வயது ஒன்றேகால் நூற்றாண்டுதான். அதற்கு முன் கல்யாணம் வீட்டில் நடந்தது. பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவாள், உறவினர் முன்னால் இருவரும் சாக்கே என்ற அரிசி மதுக் கிண்ணங்களை மாற்றிக்கொள்வார்கள், அவ்வளவே. 1900 மே 10-ஆம் தேதி பட்டத்து இளவரசர் யோஷிஹிதோவின் கல்யாணம் அரண்மனைக்குள் இருக்கும் சன்னிதியில் நடந்தது. அதைப் பின்பற்றி, மறு ஆண்டே ஹிபியா கோயிலில் சாதாரண மக்களுக்கான சடங்குமுறை உருவானது. அந்தக் கோயில் இப்போது ஈதாபாஷியில் டோக்கியோ தைஜிங்கு என்ற பெயரில் இருக்கிறது. ஆகவே, கோயில் பழையது, தேவாலயம் புதியது என்று பிரித்துச் சண்டை போடுவதில் பெரிய அர்த்தம் இல்லை. இரண்டுமே நவீன ஜப்பான் உண்டாக்கிக்கொண்டவை.

சடங்கு அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இரு வீட்டாரும் எதிரெதிரே வரிசையாக உட்காருவார்கள். சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று கிண்ணங்களில் சாக்கே வரும். மணமக்கள் ஒவ்வொன்றையும் மும்மூன்று மிடறாகக் குடிப்பார்கள். மாப்பிள்ளை உறுதிமொழி வாசிப்பார். சகாக்கி மரக்கிளையைச் சன்னிதியில் வைத்து வணங்குவார்கள். பல கோயில்களில் உள்ளே உட்கார இரு குடும்பத்தாருக்கு மட்டுமே இடம், நண்பர்கள் வெளியேதான் நிற்க வேண்டும். இதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். நான் இதை வசதி என்பேன். 'ஏன் என்னைக் கூப்பிடவில்லை' என்று யாரும் கேட்க முடியாது, கோயிலே பதில் சொல்லிவிடும்.

செலவிலும் இதுதான் குறைவு. கோயிலுக்கு வைக்கும் காணிக்கை பல இடங்களில் 50,000 முதல் 1,50,000 யென்னுக்குள் இருக்கும். காசு போவது உடையில். பெண்ணுக்கான முழு வெள்ளைக் கிமோனோவின் வாடகையே ஒரு லட்சம் யென்னைச் சாதாரணமாகத் தாண்டும். கனமும் அதிகம். மெய்ஜி ஜிங்கு போன்ற பெரிய கோயிலைத் தேர்ந்தெடுத்தால் இன்னொன்றையும் எதிர்பார்க்க வேண்டும். சிவப்புக் குடையின் கீழ் ஊர்வலம் போகும்போது இருபுறமும் சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். சிலருக்கு அது பெருமை, சிலருக்குக் கூச்சம்.

ஹோட்டல் தேவாலயம்

இந்த வழி திறந்ததில் திரை நட்சத்திரங்களுக்கும் அரச குடும்பத்துக்கும் சம பங்கு உண்டு. 1959-இல் இளவரசர் அகிஹிதோ, மிச்சிக்கோ கல்யாணத்தைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. சடங்கு முழுக்க ஷின்டோ முறை. ஆனால் ஊர்வலத்தில் மணமகள் மேலைநாட்டு கவுனும் கிரீடமுமாகக் குதிரை வண்டியில் வந்தார். 1965-இல் கத்சுரா யுமி என்ற வடிவமைப்பாளர் நாட்டின் முதல் மணப்பெண் உடை அணிவகுப்பை நடத்தியபோது, வெள்ளை கவுன் அணிந்த மணப்பெண் அபூர்வம். 1980-இல் புகழின் உச்சியில் இருந்த பாடகி யமாகுச்சி மொமொயே, டோக்கியோவின் ரெய்னன்சாகா தேவாலயத்தில் நடிகர் மியூரா தொமொகாசுவைக் கைப்பிடித்தார். 1985-இல் பாடகி மத்சுதா செய்க்கோவின் கல்யாணமும் மெகுரோவில் ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தில் நடந்தது. அப்புறம் ஹோட்டல்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1990-களின் நடுவில் தேவாலய பாணி ஷின்டோ முறையை முந்திவிட்டது.

ஹோட்டல் தேவாலயங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சபை கிடையாது, ஞாயிறு ஆராதனையும் கிடையாது. அது கல்யாணத்துக்காகவே கட்டிய மண்டபம். உயரமான கூரை, கண்ணாடிச் சுவர், நீளமான வெள்ளை நடைபாதை. நடத்தி வைப்பவர் பல நேரங்களில் வெளிநாட்டவர். அவர்களில் முறையாகக் குருப்பட்டம் பெற்றவர்களும் உண்டு, வார நாட்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு சனி, ஞாயிறில் அங்கி மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து பாடும் துதிப்பாடல் பெரும்பாலும் ஒன்றேதான், பழைய பாடல் புத்தகத்தில் 312-ஆம் எண். அந்த மெட்டு பள்ளிப் பாடலாகவும் பழக்கமானது என்பதால் யாருக்கும் வாய் திக்குவதில்லை. நிஜமான சபையில் கல்யாணம் வேண்டும் என்றால் அது வேறு பாதை. ஆராதனைக்கு வர வேண்டும், திருமண வகுப்பில் உட்கார வேண்டும் என்று பல சபைகள் கேட்கும். நம் ஜோடி அதற்குத் தயாராக இருக்காது.

இதில் என்ன கவர்ச்சி? கோயில் சடங்கில் இரு குடும்பங்கள் இணைகின்றன. தேவாலயத்தில் நடுவில் நிற்பது இரண்டு பேர். 1960-களின் இறுதியில் காதல் கல்யாணங்கள் பெரியவர்கள் பார்த்துவைத்த கல்யாணங்களை எண்ணிக்கையில் தாண்டின. அதற்கேற்ற காட்சி இங்கேதான் கிடைத்தது. அம்மா மகளின் முகத்திரையை இறக்கிவிடுகிறார், அப்பா நடைபாதையில் கூட்டிப்போய் மாப்பிள்ளையிடம் ஒப்படைக்கிறார். வாய்விட்டு அன்பைச் சொல்லிப் பழகாத வீடுகளில் இந்த இரண்டு நிமிடங்களுக்காகவே தேவாலயத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். நண்பர்களும் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாம்.

தேவாலயம் கொடுக்கும் இந்தச் சுதந்திரத்தை, அடுத்து வரும் வரவேற்பு விருந்து பாதி திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது. அங்கே மேலதிகாரியின் வாழ்த்துரை உண்டு. உட்காரும் இடத்திலும் வரிசை உண்டு. மணமக்களுக்கு மிக அருகில் அலுவலக மேலாளர்கள், அடுத்து நண்பர்கள், கதவோரம் கடைசி மேஜையில் பெற்றோர். விருந்துக்கு அழைத்தவர்கள் பெற்றோர் என்பதால் அவர்களுக்குக் கடைசி இடம். ஒரு மேலாளரை அழைத்தால் இன்னொருவரை விட முடியாது. இந்த விருந்திலிருந்து தப்பத்தான் பலர் கடல் தாண்டிப் போகிறார்கள் என்பது என் கணிப்பு.

பணக் கணக்கு

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முடிவெடுப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

விருந்தோடு கூடிய ஹோட்டல் கல்யாணம் சராசரியாக 30 லட்சம் யென்னுக்கு மேல் போகும். அதைக் கேட்டதும் 'ஹவாய் மலிவு' என்று தோன்றும். ஆனால் ஜப்பானியக் கல்யாணத்தில் வருபவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. நம் ஊர் மொய் மாதிரிதான், எழுதி வைத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் தொகை எழுதாத சட்டம்போல நிலையாக இருக்கிறது. நண்பர், சக ஊழியர் என்றால் 30,000 யென். சித்தப்பா, மாமா என்றால் 50,000-இலிருந்து 1,00,000 வரை. ஜோடி பிரியக் கூடாது என்பதால், 1, 3, 5 என்று ஒற்றைப்படை எண்ணில் தொடங்கும் தொகைதான் வைப்பார்கள். நோட்டுகள் புத்தம் புதியதாக இருக்க வேண்டும். மறுபடி அவிழ்க்க முடியாத முடிச்சுப் போட்ட உறையில் தர வேண்டும்.

இப்போது கணக்கு. 60 பேர் வரும் ஹோட்டல் கல்யாணத்துக்கு மொத்தம் 34 லட்சம் யென் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 30,000 என்றால் 18 லட்சம் திரும்பி வரும். உறவினர் கூடுதலாக வைப்பதைச் சேர்த்தால் 20 லட்சத்தைத் தொடும். மிச்சம் 14 லட்சம். அதிலும் பெற்றோர் ஒரு பங்கு கொடுப்பது வழக்கம். ஜோடியின் கையிலிருந்து போவது, பார்த்து மிரண்ட தொகையில் சிறு பகுதிதான்.

ஹவாயில் சடங்கு, உடை, படம், சிறிய விருந்து எல்லாம் சேர்த்து 10,000 டாலர் என்று வையுங்கள். 2019-இல் டாலருக்கு 110 யென் அளவில் இருந்தபோது அது 11 லட்சம். 2024 கோடையில் டாலர் 160-ஐத் தொட்டபோது அதே விழா 16 லட்சம். விமானம், தங்கும் அறை தனி. பெற்றோர் நால்வருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் இன்னும் ஏறும். அவர்களே எடுத்துக்கொண்டு வந்தால், அவ்வளவு செலவுசெய்து வருகிறவரிடம் மொய் வாங்குவது முறையில்லை, 'வேண்டாம்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ஆக மொத்தச் செலவு குறைவாகத் தெரிந்தாலும், சொந்தப் பையிலிருந்து போவது ஹோட்டல் கல்யாணத்தைவிட அதிகமாகவே இருக்கலாம்.

ஹோட்டல் பக்கமும் பொறி இல்லாமல் இல்லை. முதலில் காட்டும் மதிப்பீட்டில் மிகச் சாதாரண பூக்கள், மிகச் சாதாரண சாப்பாடு, ஒரே ஒரு உடை என்று போட்டிருப்பார்கள். பேசப் பேச ஏறும். சொந்த கவுனை வெளியிலிருந்து கொண்டுவந்தால் அதற்கே ஒரு கட்டணம் கேட்கும் இடங்கள் உண்டு. அதோடு, பல மண்டபங்கள் பணத்தை விழாவுக்கு முன்பே வாங்கிவிடும், மொய் வருவது விழா அன்று. இடைப்பட்ட நாட்களுக்குக் கையில் ரொக்கம் இருக்க வேண்டும்.

பேரம் பேச இப்போது நல்ல நேரம். 1972-இல் ஏறக்குறைய 11 லட்சம் கல்யாணங்கள் பதிவான நாட்டில் 2023-இல் பதிவானது 4,74,741. மண்டபங்கள் ஜோடிகளைத் தேடுகின்றன. நாள்காட்டியில் புத்சுமெத்சு என்று குறித்த ஆகாத நாளில் வைத்துக்கொண்டால் தள்ளுபடி கிடைக்கும், தைஆன் என்ற நல்ல நாளுக்குக் கிடைக்காது. ஜூன் மாத மணப்பெண் மகிழ்ச்சியாக வாழ்வாள் என்ற ஐரோப்பிய நம்பிக்கையை ஜப்பானில் பரப்பியதே ஹோட்டல்கள்தான். ஜூன் அங்கே மழைக்காலம், மண்டபம் காலியாகக் கிடக்கும் மாதம்.

கருயிசாவா, ஒகினாவா

கருயிசாவா டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். 1886-இல் அங்கே வந்த அலெக்சாண்டர் கிராஃப்ட் ஷா என்ற மதபோதகருக்கு அந்தக் குளிர் பிடித்துப்போய், இரண்டு ஆண்டுகளில் கோடை வீடு அமைத்தார். அன்று முதல் அது வெளிநாட்டவரின் மலைவாசஸ்தலம். அகிஹிதோவும் மிச்சிக்கோவும் 1957-இல் சந்தித்த டென்னிஸ் மைதானமும் அங்கேதான். மரங்களுக்கு நடுவே 1988-இல் எழுந்த கல் தேவாலயம், வளைந்த கல் வளைவுகளும் இடையிடையே கண்ணாடியுமாக, படத்தில் பார்ப்பதைவிட நேரில் இருண்டும் குளிர்ந்தும் இருக்கும். ஊர் அழகு. ஆனால் தப்பித்தல் என்ற கோணத்தில் இது அரைகுறை. காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடலாம் என்பதால் மேலாளரும் வந்துவிடுவார்.

ஒகினாவா அப்படி இல்லை. டோக்கியோவின் ஹனேதா விமான நிலையத்திலிருந்து ஒகினாவாவின் நாஹாவுக்கு இரண்டரை, மூன்று மணி நேர விமானப் பயணம். குடும்பமும் நெருங்கிய நண்பர்களும் வருவார்கள், மற்றவர்கள் வராமல் இருக்க நல்ல காரணம் கிடைக்கும். யோமிதான், ஒன்னா பக்கம் கடலைப் பார்த்தபடி வெள்ளைத் தேவாலயங்களை விடுதிகள் கட்டி வைத்திருக்கின்றன. பாஸ்போர்ட் வேண்டாம், டாலர் வேண்டாம், பாட்டிக்கு மொழிப் பிரச்சினை இல்லை. விருந்தினர் கோட் மாட்டாமல் கரியுஷி என்ற உள்ளூர் அரைக்கைச் சட்டையிலேயே உட்காரலாம். மே முதல் ஜூன் பிற்பகுதி வரை மழை, ஜூலை தொடங்கி அக்டோபர் வரை புயல் பயம். விமானம் ரத்தானால் விழாவும் போச்சு. அதனால் இங்கே மார்ச், ஏப்ரல், நவம்பர் மாதங்கள்தான் நிம்மதி.

ஒரு வேடிக்கை. ஆளைக் குறைக்க வெளியூர் ஜோடிகள் ஓடிவரும் இதே ஒகினாவாவில், உள்ளூர்க்காரர்களின் சொந்தக் கல்யாணத்துக்கு 200 பேர், அதற்கும் மேல் வருவது சாதாரணம். மொய் மட்டும் குறைவு, 10,000 யென் அளவில். ஆக, கூட்டமான கல்யாணம் என்றாலே எல்லோருக்கும் சுமை என்று இல்லை. 30,000 யென்னும் இருக்கை வரிசையும் சேரும்போதுதான் அது சுமையாகிறது.

ஹவாய்

ஜப்பானியர் சுற்றுலாவுக்காக வெளிநாடு போகலாம் என்ற அனுமதி 1964 ஏப்ரலில்தான் வந்தது. அடுத்த பத்து ஆண்டுக்குள், 1973-இல், கியோட்டோவில் உடை வாடகைக் கடையாகத் தொடங்கிய வதாபே நிறுவனம் ஹவாயில் கிளை திறந்துவிட்டது. இவ்வளவு காலப் பழக்கத்தில், ஜோடிக்கு அங்கே எல்லாமே ஜப்பானிய மொழியில் நடக்கும். வெளிநாடு மாதிரியும் இருக்கும், எதுவும் புரியாமலும் போகாது. பவளக் கற்பாறைகளை வெட்டிக் கட்டி 1842-இல் அர்ப்பணித்த கவாயஹாவோ போன்ற நிஜமான பழைய தேவாலயங்கள் இருப்பது ஹவாயின் இன்னொரு பலம். ஜப்பானின் ஹோட்டல் மண்டபங்களில் அந்த வயது கிடைக்காது. ஒரே பயணத்தில் தேனிலவும் முடிந்துவிடும்.

பலவீனங்களையும் சொல்ல வேண்டும். பெயர்பெற்ற இடங்களில் ஒரு ஜோடி வெளியே வரும்போது அடுத்த ஜோடி காத்திருக்கும், நேரம் கறாராக ஓடும். ஏழெட்டு மணி நேர விமானப் பயணம் எண்பது வயதுத் தாத்தாவுக்கு ஆகாது. அமெரிக்காவின் குவாம் தீவு பக்கம்தான், மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாம், ஆனால் அங்கேயும் டாலர்தான். ஒகினாவாவை விட்டுவிட்டுக் குவாமுக்குப் போக எனக்குக் காரணம் தெரியவில்லை.

என் தீர்ப்பு

நம் ஜோடிக்கு நிஜமாகவே ஐம்பது, அறுபது பேரைப் பார்க்க ஆசை இருந்தால் டோக்கியோ ஹோட்டல்தான். மொய்க்கணக்கு அதற்குச் சாதகம், செண்டாயிலிருந்தும் ஃபுகுஒக்காவிலிருந்தும் வருபவர்களுக்கு நடுவழி. பட்டியல் போடும்போதே 'இவரையும் கூப்பிட வேண்டுமே' என்று அலுப்பு வந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். குடும்பம் மட்டும் போதும் என்பவர்கள் கோயிலில் முடித்து, மாலையில் ஒரு நல்ல உணவகத்தில் பத்துப் பதினைந்து பேர் சாப்பிடலாம். நான்கில் இதுதான் செலவு குறைந்தது, ஆனால் பலரும் இதைப் பரிசீலிப்பதே இல்லை. வெள்ளை கவுனும் கடலும் வேண்டும், மேலாளர் வேண்டாம் என்றால் ஒகினாவா. டாலருக்கு எதிரே யென் இப்படிச் சரிந்து கிடக்கும்வரை ஹவாயை நான் ஒரே ஒரு நிலைமையில்தான் சொல்வேன்: தேனிலவுக்கு எப்படியும் அங்கே போவதாக இருந்து, மொய் வராது என்பதையும் மனதார ஏற்றுக்கொண்டிருந்தால்.

அலுவலக நண்பர்களை விட்டுவிட்ட உறுத்தல் இருந்தால் வடகோடித் தீவான ஹொக்காய்தோவின் பாணி உதவும். அங்கே விருந்துக்கு மொய் கிடையாது, எல்லோரும் ஒரே அளவு நுழைவுத்தொகை கொடுத்துவிட்டு வருவார்கள். திரும்பி வந்ததும் டோக்கியோவில் அதே முறையில் ஒரு மாலை விருந்து வைத்தால் யாருக்கும் பாரமில்லை, வாழ்த்துரையும் இருக்காது.

ஹவாய்தான் என்று முடிவானால் பதிவின் தேதியையும் இப்போதே யோசித்துவிடுங்கள். அங்கே நடக்கும் விழாவில் பெரும்பாலானவை வெறும் ஆசீர்வாதச் சடங்கு, சட்டப் பதிவு ஜப்பானில்தான். ஜப்பானியச் சட்டப்படி கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் பயணத்துக்கு முன்பே படிவத்தைக் கொடுத்துவிட்டால் பெண்ணின் பெயர் பெரும்பாலும் மாறிவிடும். பாஸ்போர்ட்டைப் புதுப் பெயரில் மாற்றி, விமான டிக்கெட் பழைய பெயரில் இருந்தால் விமான நிலையத்தில் ஏற விடமாட்டார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு பதிவு செய்வது எளிது. முன்பே செய்ய வேண்டும் என்று இருந்தால், பாஸ்போர்ட்டிலும் டிக்கெட்டிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.